வண்டி கிளம்பும் முன்னே, ஸ்டியரிங் நம்ம கைக்கும் பழகணும்!



'அமெரிக்காவில் பனிக்காலம் வந்துட்டா வயசானவங்க நாலு மாசம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதானா?' என்று ஒரு சகோதரி இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். மகன் வீட்டுக்குப் போய்வந்த அலுப்பு அவர் எழுத்திலேயே தெரிந்தது. மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கம் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் நான். என்னிடம் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

உட்கார வேண்டியதே இல்லை! இங்கே ரிட்டயர் ஆன பலர் பனி கொட்டத் தொடங்கியதும் வலசை போகிற பறவைகள் மாதிரி தெற்கே கிளம்பிவிடுவார்கள். இவர்களுக்குப் பெயரே 'பனிப்பறவைகள்'தான். சிலர் அங்கே போய் வீடு வாடகைக்கு எடுப்பார்கள். சிலரோ, வண்டிக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். 'டிராவல் டிரெய்லர்' என்பது அதுதான். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

இது புதுப் பழக்கமும் இல்லை. மிச்சிகனையும் மயாமியையும் இணைக்கும் 'டிக்ஸி ஹைவே' திட்டம் 1915ல் தொடங்கியது. 1919ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில் கூடாரம் போட்டுத் தங்கிய பயணிகள் சேர்ந்து 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். இன்று அதே திசையில் ஐ-75 என்கிற அகலமான நெடுஞ்சாலை போகிறது. மிச்சிகனின் வடகோடியில் தொடங்கி மயாமி அருகே முடியும் அந்தச் சாலையில்தான், வருகிற ஜனவரி முதல் வாரம் நானும் என் வீட்டுக்காரரும் டிரெய்லரோடு கிளம்பப் போகிறோம்.

'இந்த வயசுல எதுக்கு இந்த வீண் வேலை?' என்று ஊரிலிருந்து நாத்தனார் போனில் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அவருடைய தம்பிக்கு மூன்று வருடம் முன்னால் பைபாஸ் ஆகியிருக்கிறது. குளிர்காற்று பட்டாலே அவருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது. டாக்டரும் பனியை வாரித் தள்ளும் வேலையே கூடாது என்று சொல்லிவிட்டார். தெற்கே போவது அவருக்கு நல்லதுதான். ஆனால் போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

எங்களுக்குத் தெரிந்த அமெரிக்க அம்மா ஒருவர் இப்படித்தான் கணவரோடு கிளம்பினார். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கேம்ப்கிரவுண்டில் கணவருக்கு மார்வலி. ஆம்புலன்ஸ் வந்து அழைத்துப் போனது. அந்த அம்மாவுக்கு டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றக்கூடத் தெரியாது. கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகவும் பயம். யாரோ முன்பின் தெரியாதவர் காரில் ஏறிப் போயிருக்கிறார். கடைசியில் மகன் விமானத்தில் வந்து வண்டியை வடக்கே ஓட்டி வந்தார். கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், 'அந்த ராத்திரி என் கை ரெண்டும் எதுக்கும் உதவலை' என்று அந்த அம்மா சொன்னது எனக்குள் தங்கிவிட்டது.

அதனால் நான் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். 'நான் தனியா கழற்றி, மாட்டி, இழுத்து, ரிவர்ஸ் எடுத்துக் காட்டின பிறகுதான் வண்டி கிளம்பும்.' அவர் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். அந்த ஏற்பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் சகோதரிகளுக்கு உதவும்.

எடைதான் எஜமான்!

1954ல் 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று ஒரு ஆங்கிலப் படம் வந்தது. லூசில் பால் என்ற புகழ்பெற்ற நடிகை நடித்தது. புதுசாகக் கல்யாணமான பெண், போகிற இடத்திலெல்லாம் ஞாபகத்துக்கு ஒரு கல்லாகப் பொறுக்கி டிரெய்லருக்குள் ஒளித்து வைப்பாள். மலைப்பாதை ஏறும்போது அந்த எடையே வினையாகும். படம் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. நிஜத்தில் உயிர்.

டிரெய்லர் விற்ற கடைக்காரர், 'உங்க டிரக் இதைத் தாராளமா இழுக்கும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். இழுக்கும்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி 'இழுக்குமா?' என்பது மட்டும் அல்ல, 'தாங்குமா?' என்பதும்தான். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து அந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். எங்கள் பிக்கப் டிரக்கில் அது 680 கிலோ. டிரெய்லர் சாமானோடு 2,700 கிலோ. அதன் மூக்கு, டிரக்கின் பின்னால் இருக்கும் கொக்கியில் உட்காருகிறது. மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு அந்த மூக்கில் இறங்க வேண்டும். 12 பங்கு என்று வைத்தால் 324 கிலோ. நாங்கள் இரண்டு பேர் 150. கொக்கிச் சாதனம் 45. கூட்டிக் கழித்தால் டிரக்கில் ஏற்ற மிச்சம் 161 கிலோதான்!

மூக்கின் எடை குறைந்தாலும் ஆபத்து. கனமான சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால், வேகமாகப் போகும்போது பின்னால் அது பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அதனால் பாத்திரம், டின் சாமான் எல்லாம் அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக வைக்க வேண்டும். தண்ணீர் டாங்க்கைக் காலியாகவே ஓட்டுவது நல்லது. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ.

என் பங்குக்குப் பதினோரு கிலோ கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மிக்ஸி போதும். 20 கிலோ அரிசி மூட்டைக்குப் பதில் ஐந்து கிலோ. ஃபுளோரிடாவிலும் இந்தியக் கடைகள் இருக்கின்றன! எல்லாம் ஏற்றிய பிறகு லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கும். கட்டணம் கொடுத்து நிறுத்தி, சீட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும். கண் மதிப்பு இதில் உதவாது.

டயரும் தண்ணீர்க் குழாயும்

டிரெய்லர் டயர் தேயாமல் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் ரப்பர் உள்ளுக்குள் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். '2319' என்றால் 2019ஆம் வருடத்து 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். காற்றைக் காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

அடுத்தது குழாய். இங்கே குளிரில் டிரெய்லர் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயையே வெடிக்க வைத்துவிடும். அதனால் இலையுதிர் காலத்திலேயே தண்ணீரை வடித்துவிட்டு, டிரெய்லருக்கென்றே விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாயில் ஓட்டி வைப்போம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவதை இதில் ஊற்றவே கூடாது. அது விஷம். முதல் மூன்று நாள் குழாய் அப்படியேதான் இருக்கும். குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். முதல் இரண்டு ராத்திரி மோட்டலில் தங்கல். உறையும் குளிரைத் தாண்டின பிறகுதான் குழாயைக் கழுவித் தண்ணீர் விடுவோம்.

இன்னொன்று. குளிருகிறதே என்று சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். அதைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவிக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.

ஐந்து நாள் கணக்கு

டாம்பா வரை ஏறத்தாழ 1,200 மைல். காரில் இரண்டு நாளில் போகிறவர்கள் உண்டு. டிரெய்லரோடு அந்த ஆசை வேண்டாம். ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் போவதில்லை, மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் ரிவர்ஸ் எடுப்பது யாருக்கும் வேண்டாத சோதனை.

முதல் நாள் ஒஹையோவைக் கடந்து சின்சினாட்டி தாண்டி கென்டக்கியில் தங்கல். இரண்டாம் நாள் டென்னஸியில் நாக்ஸ்வில். அந்த இரண்டு மாநில எல்லையில் ஜெல்லிக்கோ மலை வருகிறது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும், கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். மூன்றாம் நாள் அட்லாண்டா வழியாக மேக்கன். ஆபீஸ் நேரம் முடிந்து, மதியம் அட்லாண்டாவைக் கடக்கிற மாதிரி கிளம்பணும். நான்காம் நாள் ஃபுளோரிடாவுக்குள் லேக் சிட்டி. ஐந்தாம் நாள் டாம்பா.

தேதியை மட்டும் கல்லில் செதுக்கக் கூடாது. பனிப்புயல் அறிவிப்பு வந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுவோம். பல மாநிலங்களில் 511க்கு போன் பண்ணினால் சாலை நிலவரம் சொல்வார்கள். சாலை காய்ந்திருந்தாலும் பாலத்தின் மேல் முதலில் ஐஸ் கட்டிவிடும். மூடுபனியும் லேசில்லை. 1990 டிசம்பர் 11 அன்று இதே ஐ-75ல், டென்னஸியின் கால்ஹூன் அருகே மூடுபனியில் 99 வண்டிகள் மோதி 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே எச்சரிக்கைப் பலகைகளும் கருவிகளும் வைத்தார்கள். பலகை 'மெதுவாப் போ' என்றால் போகத்தான் வேண்டும்.

தங்க இடமும் முன்கூட்டியே பார்க்கணும். வடக்கே பல கேம்ப்கிரவுண்டுகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். தெற்கேயோ இடம் கிடைக்காது. ஃபுளோரிடா அரசுப் பூங்காக்களில் அந்த மாநிலத்தார் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். வெளியூர்க்காரர்களுக்கு 2024லிருந்து 10 மாதம்தான். நாங்கள் மார்ச் மாதமே காலண்டரில் வட்டம் போட்டு வைத்தோம்.

நான் கற்றுக்கொண்டது

ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் ஒரு பார்க்கிங் மைதானத்தில்தான் எனக்குப் பாடம். கழற்றும்போது முதல் வேலை டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது. கட்டை கொடுக்காமல் கொக்கியைத் தொடவே கூடாது. பிறகு ஜாக்கியை இறக்கி, கொக்கியை விடுவித்து, மின்கம்பியையும் சங்கிலியையும் எடுக்கணும். மாட்டும்போது சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகப் போடணும்; கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் இடிக்காமல் அது தாங்கும்.

ரிவர்ஸ் எடுக்க ஒரு சின்ன சூட்சுமம். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமில்லாமல்! டிரெய்லர் நெளிய ஆரம்பித்தால் காலால் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கைப்பொத்தானால் மெல்லக் கொடுக்கணும். எங்கள் மாநிலத்தில் இதற்குத் தனி லைசென்ஸும் தேவையில்லை. ஆறு வாரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில் சரியாக நிறுத்தினேன். வீட்டுக்காரர் கைதட்டவில்லை, 'நாளையிலேர்ந்து பாதி தூரம் நீ' என்றார். அதுவே பெரிய சர்டிபிகேட்!

ஒரு நோட்டுப் புத்தகமும் தயார். அவருடைய மாத்திரைகளின் பெயர், அளவு, ஆபரேஷன் நடந்த தேதி, டாக்டர் போன் நம்பர், ஒவ்வொரு தங்கல் ஊரிலும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று எழுதியிருக்கிறேன். மாத்திரை மூன்று மாதத்துக்கு வாங்கியாச்சு. 65 வயது தாண்டியவர்கள் தங்கள் மெடிகேர் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரசின் நேரடி மெடிகேர், அதை ஏற்கும் டாக்டரிடம் எந்த மாநிலத்திலும் செல்லும். தனியார் கம்பெனி மூலம் எடுத்த 'அட்வான்டேஜ்' வகையில், அவசர சிகிச்சை தவிர மற்றதற்கு அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

வீட்டில் மெயின் தண்ணீர்க் குழாயை மூடி, ஹீட்டரை 13 டிகிரியில் வைத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போகிறோம். தபாலை 30 நாள் வரைதான் தபால் ஆபீசில் பிடித்து வைப்பார்கள். அதற்கு மேல் என்றால் மகள் வீட்டு விலாசத்துக்குத் திருப்பிவிட எழுதிக் கொடுக்கணும்.

சகோதரிகளே, டிரெய்லர் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் மட்டுமே ஓட்டுகிற ஒரு வண்டி, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பேங்க் கணக்கு, அவர் மட்டுமே மூடத் தெரிந்த ஒரு கேஸ் வால்வு எல்லா வீட்டிலும் உண்டு. அவர் நன்றாக இருக்கும்போதே, சிரித்துப் பேசிக்கொண்டே அதைக் கற்றுக்கொண்டு விடுங்கள். அவர் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவருக்கு ஒன்று என்றால் நம் கை சும்மா இருக்கக் கூடாதே என்பதற்காக.

முதல் நாளுக்குப் புளியோதரை என்று முடிவாகிவிட்டது. பாதி வழி அவர், பாதி வழி நான்!

— ஒரு வாசகி, மிச்சிகன், அமெரிக்கா.