அன்னப் பாலமும் அதை அமைத்தோரும்

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. அதன் பெயர் நியூவே மாஸ். வடகரையில் கடைவீதிகளும் அலுவலகங்களும் நிறைந்த நகர மையம் உள்ளது. தென்கரையில் கப்பல் துறைகளும், துறைமுகத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் இருந்தன. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகத் துறைமுகம் கடலை நோக்கி நகர்ந்தது. மையத்திற்கு எதிரே இருந்த பழைய கப்பல் துறைகள் ஆளரவமின்றிக் கிடந்தன. அவ்விடத்தில் புதிய நகர்ப்பகுதி ஒன்றை உருவாக்க நகராட்சி முடிவு செய்தது. ஆனால், மையத்திலிருந்து அங்கு நேரே செல்லப் பாலம் இல்லை. எளிதில் சென்றுவர முடியாத இடத்தில் யார் குடியேறுவார்? ஆகவே, முதலில் ஒரு பாலம் தேவைப்பட்டது.

அப்பாலத்தை வடிவமைக்கும் பணி பென் வான் பெர்க்கெல் என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்தது. அவரும் கலை வரலாறு பயின்ற கரோலின் போஸ் என்பவரும் இணைந்து 1988-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர்.

பாலத்தின் அமைப்பு

ராட்டர்டாமில் பிறந்த அறிஞர் எராஸ்மஸின் பெயரைத் தாங்கிய அப்பாலத்தின் நீளம் 802 மீட்டர். அதன் ஒற்றைக் கோபுரம் 139 மீட்டர் உயரம் கொண்டது. நேராக நில்லாமல் வளைந்து நிற்பது. இவ்வளைவு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கோபுரத்தின் ஒரு பக்கத்து எஃகு வடங்கள் சாலையைத் தாங்குகின்றன. சாலையின் எடை கோபுரத்தை முன்னோக்கி இழுக்கிறது. மறுபக்கத்து வடங்கள் அதைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் காலூன்றிப் பின்னால் சாயும் வீரனைப்போலக் கோபுரம் நிற்கிறது. உயரமான கப்பல்கள் வரும்போது, தென்பகுதியில் உள்ள 89 மீட்டர் நீளத் தூக்குப்பாலம் மேலெழுந்து வழிவிடுகிறது. கழுத்தை உயர்த்தி நீரில் நிற்பதுபோன்ற தோற்றத்தால் மக்கள் இப்பாலத்தை ‘அன்னம்’ என்று அழைக்கின்றனர். மகிழுந்து, டிராம், மிதிவண்டி ஆகியவற்றில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்கும் இதில் தனித்தனி வழிகள் உண்டு.

காற்று வைத்த தேர்வு

1996-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அரசி பியாட்ரிக்ஸ் பாலத்தைத் திறந்து வைத்தார். இரண்டு மாதங்களுக்குப் பின், மழையும் காற்றும் சேர்ந்து வந்தபோது வடங்கள் அதிரத் தொடங்கின. பாலம் மூடப்பட்டது. பொறியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தனர். சாய்வான வடங்களின்மீது மழைநீர் மெல்லிய கோடாக வழிந்தது. அதனால் உருண்டை வடிவ வடத்தின் புறவடிவம் சற்றே மாறியது. அவ்வடிவத்தின்மீது மோதிய காற்று வடத்தை மேலும் கீழும் ஆட்டியது. வடம் பருத்ததாயினும், நூலளவு நீர் அதன் இயல்பை மாற்றிவிட்டது.

இதனைச் சீர்செய்ய அதிர்வைத் தணிக்கும் கருவிகள் வடங்களில் பொருத்தப்பட்டன. ஆடும் ஊஞ்சலைக் கையால் மெல்லப் பிடித்து நிறுத்துவதுபோல, அவை அதிர்வின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. வரைபடம் முடிந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. மக்கள் பயன்படுத்தும் காலம் முழுவதும் அது தொடர்கிறது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

நடப்போரின் வழியே வடிவம்

1998-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘யூ.என். ஸ்டுடியோ’ என்னும் புதுப்பெயர் பெற்றது. ‘ஒன்றுபட்ட வலைப்பின்னல்’ என்பது அதன் பொருள். பொறியாளர், நகரத் திட்டமிடுவோர், கட்டடக் கலைஞர் எனப் பல துறையினர் தொடக்கம் முதலே சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை.

இக்கொள்கைக்கு ஆர்ன்ஹெம் நகரத் தொடர்வண்டி நிலையம் சான்றாகும். தொடர்வண்டி, பேருந்து, மிதிவண்டி, மகிழுந்து அனைத்தும் அங்கு ஒன்றுகூடுகின்றன. வடிவமைப்பாளர்கள் முதலில் சுவர்களை வரையவில்லை. பயணிகள் எங்கிருந்து வருகின்றனர், எங்கே திரும்புகின்றனர், எவ்விடத்தில் நெரிசல் உண்டாகும் என்பவற்றை ஆராய்ந்தனர். அவ்வழிகளைத் தழுவியே கட்டடத்தின் வடிவம் பிறந்தது. பார்வையை மறைக்கும் தூண்வரிசைகளுக்கு மாற்றாக, தரையிலிருந்து முறுக்கிக்கொண்டு எழும் எஃகு அமைப்பு கூரையைத் தாங்குகிறது. இவ்வளைவுகளை உருவாக்கக் கப்பல் கட்டும் தொழில்நுட்பம் உதவியது. 1996-இல் தொடங்கிய இத்திட்டத்தின் புதிய நிலையக் கூடம் 2015-இல்தான் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுமையுடன் நடந்த பணி அது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 2006-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகமும் இந்நிறுவனத்தின் படைப்பே. பார்வையாளர் மின்தூக்கியில் உச்சிக்குச் சென்று, ஒன்றையொன்று தழுவிச் செல்லும் இரு சுருள்வழிகளில் காட்சிகளைக் கண்டவாறே இறங்குகின்றனர்.

ஒருவர் தமக்கெனக் கட்டும் வீட்டில் யார் வாழ்வர் என்பது முன்பே தெரியும். பாலத்தையும் நிலையத்தையும் யார் யார் பயன்படுத்துவர் என்பது தெரியாது. பெட்டி சுமந்து வரும் முதியவரும், முதன்முறையாக அந்நகருக்கு வரும் குடும்பமும் அவற்றின் வழியே செல்வர். வழி கேட்கத் தயங்கும் புதியவரும் தானாகவே வழியை அறிந்து நடக்கும்படி அமைவதே பொதுக் கட்டடத்தின் சிறப்பாகும்.

சொற்பொருள்

ஆளரவம் – மனிதர் நடமாடும் ஓசை
வடம் – தடித்த கயிறு
தணித்தல் – குறைத்தல்
சான்று – எடுத்துக்காட்டு

சிந்தித்து எழுதுக

1. மழைநீர் பாலத்தின் வடங்களை எவ்வாறு அதிரச் செய்தது?
2. ஆர்ன்ஹெம் நிலையத்தை வடிவமைத்தோர் முதலில் எவற்றை ஆராய்ந்தனர்? ஏன்?
3. நீவிர் வாழும் நகரின் தொடர்வண்டி நிலையத்திற்குப் புதிதாக வருபவர் எவ்விடத்தில் வழி தெரியாமல் திகைப்பார்? அதனைச் சீர்செய்ய ஒரு வழி கூறுக.