புல்லட் 350 வார்ப்பிரும்புப் பொறி மீளமைப்பு

புல்லட் 350 பொறி மீளமைப்பு என்பது என்ஃபீல்டு புல்லட் விசையுந்தின் பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பெட்ரோல் பொறியை முற்றிலும் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை அளந்து, சீர்செய்தோ மாற்றியோ மீண்டும் பூட்டும் பணியாகும். பட்டறை வழக்கில் இது "எஞ்சின் வேலை" எனப்படும். இப்பணியின் பெரும்பகுதியை எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்ய இயலும். ஆயினும் எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்பதை அளவீடே முடிவு செய்ய வேண்டும். சிலிண்டரைத் தேவையின்றிக் கடைந்துவிட்டால் இழந்த உலோகம் திரும்பாது.

வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் வடிவமைக்கப்பட்ட புல்லட், 1950களின் நடுப்பகுதி முதல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தால் சென்னை திருவொற்றியூரில் பூட்டப்பட்டது. பின்னர் அதன் உறுப்புகளும் இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி 1970 இல் முடிவுற்றது, திருவொற்றியூரில் தொடர்ந்தது. 1977 இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. 2008 முதல் பொறியும் பல்லிணைப் பெட்டியும் ஒன்றிணைந்த புதிய வகை அறிமுகமாகி, அடுத்த சில ஆண்டுகளில் வார்ப்பிரும்புப் பொறியின் இடத்தைப் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிய மாற்றமின்றிச் செய்யப்பட்டதால் இதன் உதிரி உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இதற்குப் பெயர் பெற்றவை.

அமைப்பு

இது ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சுப் பொறி. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., வீச்சு நீளம் 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. சிலிண்டர் வார்ப்பிரும்பாலும், அதன் தலைப்பகுதி, பிஸ்டன், கிராங்க் உறை ஆகியவை அலுமினியக் கலவையாலும் ஆனவை. மசகு எண்ணெய் கிராங்க் உறையிலேயே அமைந்த தனி அறையில் இருக்கும். இரு சிறு பம்புகளில் ஒன்று எண்ணெயைச் செலுத்தும். மற்றொன்று திரும்ப இழுக்கும்.

பிரித்தல்

பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பிஸ்டன் துருவினால் சிலிண்டரோடு பற்றிக்கொண்டிருக்கக் கூடும். தீப்பொறிச் செருகியின் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் காத்திருப்பதே முறை. கிக்கரை மிதித்தோ பிஸ்டன் மீது சுத்தியலால் அடித்தோ விடுவிக்க முயன்றால் பல்லிணையோ பிஸ்டனோ உடையும். பொறுமையின்மையால் கெட்ட பொறிகள், தேய்ந்து கெட்டவற்றுக்கு எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல என்று சொல்லலாம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரையும் இடம் குறித்து வைப்பது நன்று.

அளவிடுதலும் கடைதலும்

சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. பிஸ்டனின் மேல் வளையம் திரும்பும் இடத்தில் வெப்பம் மிகுதி, எண்ணெய்ப் படலம் மெலிது. எனவே தேய்மானம் அங்கேயே அதிகம். வளையங்கள் தொடாத கீழ்விளிம்பு ஏறத்தாழப் பழைய அளவிலேயே இருக்கும். ஆகவே மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளக்கப்படுகிறது. இதற்கான உள்விட்ட அளவி வீட்டில் இராது. லேத் பட்டறையில் இருக்கும். அளவு வரம்புக்குள் இருந்தால் புதிய வளையங்களே போதும்.

கடைய நேர்ந்தால் 0.25 மி.மீ. படிகளில் மிகையளவு பிஸ்டன்கள் பொதுவாக 1 மி.மீ. வரை கிடைக்கின்றன. அதாவது ஒரு சிலிண்டரின் வாழ்நாளில் அதிகபட்சம் நான்கு முறையே கடையலாம். அதன் பின் உள்ளுறை இறக்க வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். கீறல் நீங்குவதற்குத் தேவையான மிகச் சிறிய படியையே தேர்ந்தெடுப்பது நல்லது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடையக் கொடுக்க வேண்டும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடும் இடைவெளி முக்கியமானது. அலுமினியம் வெப்பத்தில் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 70 மி.மீ. விட்டத்தில் வெப்பநிலை 100 பாகை செல்சியசு உயர்ந்தால் பிஸ்டன் ஏறத்தாழ 0.15 மி.மீ. விரிகிறது, சிலிண்டரோ 0.08 மி.மீ. அளவே விரிகிறது. உண்மையில் பிஸ்டன் சிலிண்டரை விடச் சூடாக இருப்பதால் வேறுபாடு இன்னும் கூடும். "இறுக்கமாக இருந்தால் நல்லது" என்று எண்ணிக் குறைந்த இடைவெளியில் பூட்டிய பொறி, முதல் நீண்ட ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைத் தாங்கிக்கு மாறாக மிதக்கும் புஷ் உள்ளது. இதை உருளைத் தாங்கியாக மாற்றுவோர் பலர். புஷ் ஓசையின்றி உழைக்கக் கூடியதே. ஆனால் எண்ணெய் தடையின்றி வர வேண்டும். கிராங்கைப் பிரித்து நேராக்கிப் பூட்டுவதற்கு அழுத்தியும் டயல் அளவியும் தேவை. இது வீட்டில் செய்யத்தக்க வேலை அன்று.

பூட்டுதல்

வால்வுகள் அரைபசையால் இருக்கையோடு தேய்த்துப் பொருத்தப்படுகின்றன. பிஸ்டன் பின்னைத் தடுக்கும் சர்க்கிளிப்புகளை மறுமுறை பயன்படுத்தலாகாது. தள்ளுதண்டுகளைக் குளிர்ந்த பொறியில் சரிசெய்ய வேண்டும்: விரலால் எளிதில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தொடர்பு முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. எண்ணெய் 20டபிள்யூ-50 வகை. முதல் இயக்கத்தில் ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, எண்ணெய் கசிகிறதா எனப் பார்த்துவிடலாம். கசியாவிடில் உடனே நிறுத்த வேண்டும்.

எரிபொருள்

இப்பொறி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000 பெப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. 2025 இல் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கும். ஆகவே கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளைப் புதிதாக இடுவதும், வண்டியை நெடுநாள் நிறுத்தும்போது பெட்ரோலை வடித்துவிடுவதும் தேவையாகின்றன.

பதிவு

பொறி எண் கிராங்க் உறையில் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே சிலிண்டரையோ பிஸ்டனையோ மாற்றுவது பதிவைப் பாதிக்காது. உறையையே மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் திருத்தம் பெற வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்த திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் வாங்கும் பழைய வண்டி ஆந்திரப் பதிவெண் கொண்டதாக இருக்கலாம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அதை 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்று இங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும். பதிவு 15 ஆண்டுகளைக் கடந்த வண்டியாயின் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பொறியைப் பிரிக்கும் முன்பே சான்றிலுள்ள எண்ணை உறையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுவது செலவையும் அலைச்சலையும் தவிர்க்கும்.