வொரோனெட்ஸ் துறவுமடம்: கல்வெட்டும் செவிவழி மரபும்

முன்னுரை

ருமேனிய நாட்டின் வடகிழக்கில், சுச்சாவா மாவட்டத்தில், மொல்தோவா ஆற்றை ஒட்டிய மலையடிவாரச் சிற்றூர் வொரோனெட்ஸ். அவ்வூரின் கிழக்கு மரபுத் திருச்சபைத் துறவுமடம், புறச்சுவர் ஓவியங்களால் பெயர்பெற்றது. அதன் தோற்றம் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் செவிவழிக் கதை ஒன்றும் உள்ளன. இவ்விரண்டும் முரண்படுகின்றனவா, ஒன்றையொன்று நிறைவு செய்கின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டுச் சான்று

கோயிலின் பழைய மேற்கு வாயிலின்மேல் சிலாவிய மொழிக் கல்வெட்டு ஒன்று அமைந்துள்ளது. மொல்தாவியாவை கி.பி. 1457 முதல் 1504 வரை ஆண்ட ஸ்தெஃபான், புனித ஜார்ஜின் பெயரால் வொரோனெட்ஸ் மடத்தில் இக்கோயிலை எழுப்பியதாக அது கூறுகிறது. பணி தொடங்கிய நாள் உலகத் தோற்ற ஆண்டு 6996, மே 26. முடிந்த நாள் அதே ஆண்டு செப்டம்பர் 14. இது கி.பி. 1488 ஆகும். 111 நாள்களில் கற்கோயில் ஒன்று எழுந்துள்ளது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. பைசாந்திய முறையில் புத்தாண்டு செப்டம்பர் 1இல் பிறக்கும். அவ்வாறு கணித்திருப்பின் செப்டம்பர் 14, 6997ஆம் ஆண்டைச் சார்ந்திருக்கும். ‘அதே ஆண்டு’ என்னும் குறிப்பு, சனவரியில் ஆண்டைத் தொடங்கும் வழக்கம் அங்கு நிலவியதைப் புலப்படுத்துகிறது. அடுத்து, மடத்தில் கோயில் எழுப்பப்பட்டது என்பதால், கோயிலுக்கு முன்னரே அவ்விடத்தில் துறவியர் வாழ்ந்தனர் என்பது பெறப்படும்.

செவிவழி மரபு

18ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இயோன் நெகுல்ச்சே மக்களிடையே வழங்கிய கதைகளைத் தொகுத்தார். அவற்றுள் ஒன்று வருமாறு: கி.பி. 1476இல் ரஸ்பொயேனிப் போரில் உதுமானியரிடம் தோற்ற ஸ்தெஃபான் நெயாம்ட்ஸ் கோட்டையை அடைகிறார். தாய் அவரை உள்ளே விட மறுக்கிறார். அவர் வொரோனெட்ஸில் தவமிருந்த தானியேல் என்னும் துறவியின் குடிலை நாடுகிறார். வழிபாடு முடியும்வரை வெளியே காத்திருக்குமாறு துறவி பணிக்கிறார். நாட்டைப் பகைவரிடம் ஒப்படைக்கலாமா என மன்னர் வினவ, துறவி தடுக்கிறார். வெற்றி கிட்டும் என்றும், வென்றபின் புனித ஜார்ஜுக்கு அங்கு ஒரு மடம் எழுப்ப வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார்.

ஒப்பீடு

கல்வெட்டில் போரும் இல்லை, துறவியும் இல்லை. போருக்கும் கோயிலுக்கும் இடையே 12 ஆண்டுகள் கழிந்துள்ளன. இவ்விடைவெளிக்கு அக்கால அரசியலே விளக்கம் தருகிறது. 1484இல் உதுமானியர் கிலியா, செத்தாத்தியா ஆல்பா ஆகிய துறைமுகக் கோட்டைகளைக் கைப்பற்றினர். போர்கள் தணிந்த பின்னரே, 1487இல் பட்ரவுட்ஸிக் கோயில் தொடங்கி, மன்னரின் கற்கோயில் பணிகள் விரைவு பெற்றன. வொரோனெட்ஸ் இத்தொடரில் அடங்குவது.

ஆயினும் கதை முற்றிலும் புனைவன்று. தானியேலின் கல்லறை இக்கோயிலுள்ளேயே உள்ளது. புனித ஜார்ஜுக்கு உரியது என்பதில் கதையும் கல்வெட்டும் ஒத்துள்ளன. எப்போது, யாரால் என்னும் வினாக்களுக்குக் கல்வெட்டு விடை தருகிறது. ஏன் என்னும் வினாவுக்கு மக்கள் நினைவு விடை தருகிறது. அரசனைக் காத்திருக்க வைக்கும் துறவி, அரசாணைக்கு மேற்பட்ட அறத்தின் உருவமாக அங்கு நிற்கிறார்.

சுவரோவியங்களும் பிற்காலமும்

1547இல் பேராயர் கிரிகோரே ரோஷ்கா முன்மண்டபத்தைச் சேர்த்துப் புறச்சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்தார். மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்புக் காட்சி விரிகிறது. வானதூதர் ஊதுவது மலைநாட்டு இடையரின் ‘புச்சும்’ என்னும் நெடுங்கொம்பு. தண்டனைக்குரியோர் வரிசையில் துருக்கியரும் தாத்தாரியரும் நிற்கின்றனர். வடசுவரில், மண்ணை உழுவதற்காக ஆதாம் சாத்தானுக்கு முறி எழுதிக் கொடுத்த கதை இடம்பெறுகிறது. இது விவிலியத்தில் இல்லாத நாட்டார் மரபு. எனவே ஏட்டு மரபும் வாய்மொழி மரபும் ஒரே சுவரில் இணைந்தன எனலாம்.

1775இல் இப்பகுதி ஆஸ்திரிய ஆட்சிக்குள் வந்தது. 1785இல் மடம் மூடப்பட்டது. 1991இல் கன்னியர் மடமாக அது மீண்டும் உயிர்பெற்றது. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

முடிவுரை

துறவியர் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இல்லாதிருந்தும் மடத்தின் பொருள் மறையவில்லை. கதையும் ஓவியமும் அதைக் காத்தன. கல்வெட்டை மட்டும் கொள்வோர் காலத்தை அறிவர். கதையை மட்டும் கொள்வோர் காலத்தைப் பிழைபடக் கொள்வர். இரண்டையும் அவற்றிற்குரிய எல்லையில் வைத்து நோக்குவதே இத்தகைய தலங்களின் வரலாற்றை எழுதுவதற்கு ஏற்ற முறையாகும்.