பூமிக்குள் ஓடும் தண்ணீர்: கணக்கு ஏன் தவறியது?

கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிகிறது. ஆனால், அது எந்தப் பக்கத்திலிருந்து ஊறி வருகிறது? எந்தப் பக்கம் போகிறது? இன்னும் 10 ஆண்டுகளில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கிவிடும்?

இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் அப்படி ஒரு கணக்குப் போட்டார்கள். சொன்ன காலம் முடிந்தபின் சரிபார்த்தார்கள். கணக்கு தவறிப் போயிருந்தது!

பாலைவனத்தில் பருத்தி

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். வெயில் கொளுத்தும் பூமி. அங்குள்ள பீனிக்ஸ் நகரில் ஆண்டுக்குச் சுமார் 8 அங்குல மழைதான் பெய்யும்.

ஆனாலும் அங்கே பருத்தி விளைகிறது. எப்படி? ஆழமாகக் கிணறு தோண்டி, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். மழையால் ஊறியது கொஞ்சம், இறைத்தது அதிகம். நீர்மட்டம் கீழே கீழே போயிற்று.

"இப்படியே போனால் விவசாயம் என்ன ஆகும்?" என்ற கவலை பிறந்தது.

மின்சாரப் பூமி

அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆண்டர்சன் என்ற நிபுணர் இதை ஆராய்ந்தார். சால்ட் ஆறு, சான்டா குரூஸ் ஆறு ஆகியவை பாயும் சமவெளிக்கு ஒரு மாதிரி தயாரித்தார்.

அது மண்ணால் செய்த மாதிரி அல்ல. மின்சாரத்தால் இயங்கும் மாதிரி! ரேடியோப் பெட்டிக்குள் ரெசிஸ்டர், கண்டென்சர் என்று சிறு உறுப்புகள் இருக்குமே, அவற்றை வலை போலக் கோத்தார்கள். மின்சாரம் ஓடினால், பூமிக்குள் தண்ணீர் ஓடுவதாக அர்த்தம். மண் தண்ணீரைத் தடுப்பதை ரெசிஸ்டர் காட்டும். மண் தண்ணீரைச் சேர்த்து வைப்பதைக் கண்டென்சர் காட்டும்.

1923 முதல் 1964 வரை நடந்ததோடு இந்த மாதிரியை ஒத்துப் பார்த்து, சரி செய்தார்கள். பிறகு 1965 முதல் 1974 வரை நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று கணித்தார்கள். 1968-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

73 அடி வித்தியாசம்!

அந்த 10 ஆண்டுகளும் கழிந்தன. லியனார்டு கோனிகோ என்ற விஞ்ஞானி, 77 கிணறுகளின் உண்மையான நீர்மட்டத்தை எடுத்து, கணக்கோடு ஒப்பிட்டார். 1986-ல் முடிவை வெளியிட்டார்.

கணக்கில் சொன்ன அளவுக்கு நீர்மட்டம் இறங்கவில்லை. சராசரியாக 73 அடி வித்தியாசம் இருந்தது!

எங்கே பிழை?

தண்ணீர் மண்ணுக்குள் ஓடும் விதியில் பிழை இல்லை. 1856-லேயே பிரெஞ்சு என்ஜினீயர் டார்சி, குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுச் சோதித்து அந்த விதியை வெளியிட்டுவிட்டார்.

முதல் பிழை, பூமிக்கு மேலே. மக்கள் எவ்வளவு தண்ணீர் இறைப்பார்கள் என்று மதிப்பிட்டார்களோ, அவ்வளவு இறைக்கவில்லை. மனிதர்கள் நாளை என்ன செய்வார்கள் என்பதை யார் அறிவார்?

ஆனால், இது மட்டுமே காரணம் அல்ல. இறைப்பு மதிப்பீடு அதிகம் தவறிய இடமும், நீர்மட்டக் கணக்கு அதிகம் தவறிய இடமும் ஒன்றாக இல்லை. ஆகவே பூமிக்குள்ளும் பிழை இருக்கலாம் என்றார் கோனிகோ.

பூமி ஒரே மண்ணால் ஆனது அல்ல. மணல், களிமண், கூழாங்கல் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. மாதிரியிலோ அதை ஒரே தட்டையான அடுக்காக வைத்திருந்தார்கள். தண்ணீரை இறைக்க இறைக்கக் களிமண் அமுங்கும், தரையும் தாழும். எலாய் என்ற ஊர் அருகே 1977-க்குள் தரை சுமார் 12 அடி தாழ்ந்துவிட்டது! தரை தாழ்வதையும் மாதிரி கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படியானால் கணக்கு வீணா?

இல்லை. நடந்து முடிந்ததோடு கணக்கு ஒத்துப்போவது, விடை தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதுவது போல. நாளை வரும் கேள்வி வேறு. இதுதான் அரிசோனா தந்த பாடம்.

இப்போது கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். ஒரே விடையோடு நிற்காமல், மண்ணின் தன்மையையும் இறைக்கும் அளவையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்க்கலாம். "குறைந்தது இவ்வளவு இறங்கும், மிஞ்சிப் போனால் இவ்வளவு இறங்கும்" என்று சொல்லலாம். விவசாயிக்கு இதுவே பெரிய உதவி. எதற்கும் தயாராக இருப்பான் அல்லவா?

கணக்கு தவறியதால் ஆபத்து இல்லை என்று அரிசோனா இருந்துவிடவில்லை. 1980-ல், நிலத்தடி நீரை இறைக்கக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் செய்தது. 1985-ல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பீனிக்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தது.

கணக்குப் போடுவது பாதி வேலை. ஆண்டுதோறும் கிணற்றை அளந்து, கணக்கைத் திருத்துவது மீதிப் பாதி!