'அப்புறம் வா' என்னும் வடிகட்டி

திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: புதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு முதன்முதலாக மெயில் அனுப்பினால் அரை மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேருகிறது. அடுத்த மெயில் உடனே போய்விடுகிறது. இணைப்பில் கோளாறா?

கோளாறு இல்லை. அநேகமாக, எதிர்முனையில் கிரேலிஸ்டிங் இருக்கிறது. 2003இல் எவான் ஹாரிஸ் எழுதி வெளியிட்ட யோசனை அது. மற்ற வடிகட்டிகள் கடிதத்தைப் பிரித்துச் சொற்களை எடைபோடும், இணைப்புக் கோப்பில் வைரஸ் தேடும். இது கடிதத்தைத் தொடுவதே இல்லை. அனுப்பும் கணினியின் ஐபி எண், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி மூன்றையும் பார்க்கும். இந்தச் சேர்க்கை புதிது என்றால், 'இப்போது முடியாது, அப்புறம் வா' என்று பொருள்படும், 4இல் தொடங்கும் எண் ஒன்றைச் சொல்லிவிடும். ஒழுங்கான மெயில் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்திருந்து மறுபடி வரும்; விதிமுறையே அப்படித்தான். வைரஸ் புகுந்த கணினிகளிலிருந்து ஸ்பேம் கொட்டும் நிரல்களுக்கு அந்தப் பொறுமை ஏது? அடுத்த முகவரிக்குப் போய்விடும்.

மல்லாட்டை மண்டியில் முகம் தெரியாத ஆள் கடனுக்கு மூட்டை கேட்டால், "நாளைக்கு வாங்க" என்பார் என் அப்பா. நாணயமானவர் மறுநாள் வருவார். மற்றவர் அன்றைக்கே பக்கத்து மண்டிக்குப் போயிருப்பார்.

பிற்பாடு ஸ்பேம்காரர்களும் திரும்பி வரக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குள் அவர்களுடைய ஐபி எண் தடுப்புப் பட்டியலில் ஏறிவிட வாய்ப்புண்டு. ஓடிபி மெயில் தாமதமாவதுதான் இதற்கு நாம் கொடுக்கும் விலை.

எனக்கு இதில் பிடித்தது, வாசலிலேயே பதில் சொல்லிவிடும் நேர்மை. கடிதத்தை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிக்கும் வழங்குநர்களும் இருக்கிறார்கள். டெண்டர் கடிதம் தொலைந்தாலும் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாது. வாங்கிய பிறகு திருப்பி அனுப்புவதும் தப்பு. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். திருப்பிய கடிதம் யாரோ அப்பாவியின் பெட்டியில் விழும்.

ஸ்பேம் உள்ளே வருவதைத் தடுத்தால் போதுமா? வெளியே போவதையும் தடுக்கவேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு 25ஆம் எண் போர்ட்டை மூடிவிட்டால், நோய் கண்ட கணினி நேரடியாக ஊருக்கெல்லாம் ஸ்பேம் இறைக்க முடியாது. நம்முடைய மெயில் 587ஆம் எண் வழியே கடவுச்சொல்லோடு போய்க்கொள்ளும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, பாதிக்கப்பட்ட கணினிகளைப் பற்றி இணைய நிறுவனங்களுக்குத் தகவல் தருகிறது. அதை வாடிக்கையாளர் காதில் போடவேண்டியது அந்த நிறுவனங்கள்தான். பில் கட்ட ஒரு நாள் தாமதமானால் குறுஞ்செய்தி மேல் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா? அவர்கள் சொல்லாவிட்டாலும், கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகள் அந்த மையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.