அடுப்படித் துப்பறிவாளர்கள் – 7
பால்வண்டிக்குள் ஒரு கொலை

மினசோட்டா மாநிலத்தின் லேக் ஈடன் வரைபடத்தில் இல்லாத ஊர். ஜோன் ஃப்ளூக் தன் நாவல்களுக்காகக் கட்டி எழுப்பியது. அவர் அதே மாநிலத்தில் ஸ்வான்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர் என்பதால் பனியும், தேவாலய விருந்தும், ஒருவர் விஷயம் இன்னொருவர் காதுக்குப் போகும் வேகமும் அவருக்குத் தெரியும். 1980களில் திகில் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், 2000இல் ‘சாக்லெட் சிப் குக்கி மர்டர்’ வழியாக ஒரு பேக்கரிக்குள் நுழைந்தார். இன்றுவரை வெளியே வரவில்லை. அந்த வரிசையில் 25க்கும் மேற்பட்ட நாவல்கள் வந்துவிட்டன.

கதை எளிது. ‘குக்கி ஜார்’ என்ற பேக்கரியின் பின்பக்கத்தில் பால்வண்டி நிற்கிறது. உள்ளே ரான் லாசால் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். கடைக்குப் பாலும் வெண்ணெயும் கொண்டுவருபவன்; பள்ளிக் காலத்தில் கால்பந்து வீரனாக ஊரே கொண்டாடியவன். கடைக்காரி ஹான்னா ஸ்வென்சன் சுட்ட குக்கிகள் அவனைச் சுற்றிச் சிதறியிருக்கின்றன.

இந்த வகை நாவல்களில் ரத்தம் பக்கத்தில் தெறிக்காது, வன்முறை திரைக்குப் பின்னால் நடக்கும், துப்பறிபவர் காவல்துறையைச் சேராதவர். அதனாலேயே இவற்றை ரயில் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போகிற சரக்கு என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய துப்பறியும் நாவல்கள் பலவற்றில் பிணம் என்பது ஒரு புதிரின் முதல் வரி மட்டுமே. இங்கே இறந்தவன், காலையில் பால் போட வருகிறவன். அவன் இல்லாத குறையை ஒரு கடையும் ஒரு தெருவும் உணர்கின்றன.

ஹான்னா யார்? ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவள். அப்பா இறந்ததும் அம்மா டெலோரஸுக்குத் துணையாக இருக்கப் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினாள். கடையில் அவளுக்கு உதவியாக இருக்கும் லிசா ஹெர்மன், கல்லூரிக்குப் போக உதவித்தொகை கிடைத்தும் போகாதவள். மறதி நோயில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், பெற்றோருக்காகப் படிப்பை விட்டுவந்த இரண்டு பெண்கள் சேர்ந்து விடியுமுன் அடுப்பு பற்றவைக்கும் கடை இது. ஃப்ளூக் இதை அழுது சொல்வதில்லை. மாவு பிசைவதற்கு நடுவே ஓரிரு வரியில் கடந்துபோகிறார். இந்த நாவலில் என்னை அதிகம் பாதித்தது கொலைகாரன் யார் என்ற விடையைவிட அந்த ஓரிரு வரிகள்தான். ஹான்னாவின் மூளை அவ்வளவு கூர்மையாக வேலை செய்வதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. வாசித்துப் பழகிய ஒரு மனம் வேறு வழியில்லாமல் மனிதர்களை வாசிக்கத் தொடங்குகிறது.

விசாரணைக்கு அவளை இழுத்துவிடுவது தங்கை ஆண்ட்ரியாவின் கணவன் பில். ஷெரீஃப் அலுவலகத்தில் வேலை. துப்பறிவாளனாகப் பதவி உயர்வு பெற இந்த வழக்கு அவனுக்கு முக்கியம். சீருடையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும் ஊர், காபி ஊற்றித் தரும் ஹான்னாவிடம் தாராளமாகப் பேசும் என்பது அவன் கணக்கு. அது பலிக்கிறது. யார் யாருடன் பேச்சை நிறுத்தினார், யார் திடீரென்று கடன் சொல்கிறார், யார் எப்போதும் வருகிற நேரத்தில் வரவில்லை என்பதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தானாகத் தெரியவரும். ஒரு பெட்டி குக்கியோடு போனால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். துப்பு துலக்குவதற்காக ஃப்ளூக் அவளுக்குத் தனித் திறமை எதையும் கொடுக்கவில்லை. அவளுடைய தொழிலே போதுமானதாக இருக்கிறது.

அத்தியாயங்களுக்கு நடுவே சமையல் குறிப்புகளும் வரும். குற்றக் கதைக்குள் அடுப்பு புகுந்தது ஃப்ளூக்கால் அல்ல. ரெக்ஸ் ஸ்டவுட் 1938இலேயே ‘டூ மெனி குக்ஸ்’ நாவலோடு குறிப்புகள் தந்தார். 1990இல் டயான் மாட் டேவிட்சன் ஒரு விருந்துச் சமையல்காரியைத் துப்பறிய வைத்தார். ஆனால் ஃப்ளூக்கின் குறிப்புகளில் ஹான்னாவின் குரல் கேட்கிறது. ரானின் அருகே சிதறிக் கிடந்த அதே குக்கிக்கும் செய்முறை உண்டு. அதில் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸ் சேரும். பலரும் தட்டில் வைத்துத் தின்றுகொண்டே படிக்கும் நாவல் இது.

வரிசை முழுவதும் இதே தரம் என்று சொல்ல மாட்டேன். பிந்தைய நாவல்களில் குறிப்புகள் பெருகி, புதிர் மெலிகிறது. பல் மருத்துவர் நார்மனா, துப்பறிவாளர் மைக்கா என்ற ஹான்னாவின் மனத் தடுமாற்றம் நாவலுக்கு நாவல் நீள்வது எனக்குச் சலிப்பாகவே இருந்தது. 2015 முதல் அலிசன் ஸ்வீனி நடித்து வந்த தொலைக்காட்சிப் படங்கள் பார்க்க இனிமையானவை. கடையின் உழைப்பு அவற்றில் குறைவு. ஒன்றே ஒன்று படிப்பதானால் முதல் நாவலைப் படியுங்கள்.

அடுத்த வாரம் ஆஸ்திரேலியா. கெர்ரி கிரீன்வுட்டின் கொரின்னா சாப்மன் கணக்காளர் வேலையை உதறிவிட்டு மெல்பர்ன் நகரத்தின் நடுவே ரொட்டி சுடுகிறாள். அவள் கடைக்குப் பின்னால் ஒரு விடியற்காலையில் ஹெராயின் மிகையாகிச் சுருண்டு கிடக்கிறாள் ஓர் இளம்பெண். உயிர் இன்னும் இருக்கிறது.

(தொடரும்)