மேஸ்திரியும் நிலையாணையும்

ஒரு தொழில் ஸ்தாபனத்தின் வயதை அதன் கட்டடங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே உழைப்பவர்களின் வாழ்க்கைமுறை எப்படியெல்லாம் மாறிவந்தது என்பதை அறிய விரும்புகிறவரோ, வேலை கொடுக்கும் அதிகாரமும் பறிக்கும் அதிகாரமும் எந்தெந்தக் காலத்தில் யார் யார் கையில் இருந்தன என்று விசாரிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1890-களின் தொடக்கத்தில் மதுரையில் நிறுவிய நூற்பாலையின் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

வானம் பொய்த்த வருஷங்களில் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஜீவனம் தேடி மில் வாசலுக்கு வந்தவர்கள், வெள்ளைக்கார முதலாளியை எட்டத்தில் பார்த்திருந்தாலே அதிகம். அவர்கள் அன்றாடம் கண்ட நிர்வாகம் மேஸ்திரிதான். ஆள் சேர்ப்பதும், லீவு தருவதும், சீட்டைக் கிழிப்பதும் அவர் இஷ்டம். ஆகவே வேலைத் திறமையைவிட அவருடைய பிரியமே பெரிதாக மதிக்கப்பட்டது. மாமூல் என்பது சம்பளத்திலிருந்து பிரிக்க முடியாத ஒரு செலவாயிற்று. இந்தியா முழுவதும் இதே நிலைமை இருக்கக் கண்ட ராயல் தொழிலாளர் கமிஷன், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து நீக்கி, அதற்கென அதிகாரிகளை நியமிக்க வேண்டுமென்று 1931-இல் சிபாரிசு செய்தது.

எனினும் மாறுதல் மேலிடத்திலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. ஹார்விகளின் நிர்வாகத்திலேயே இருந்த தூத்துக்குடி கோரல் மில்லில் 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம், கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றுத் தந்தது. தொழிற்சாலைச் சட்டத்தில் 1911-இல் 12 மணி நேரமாக இருந்த ஆண்களின் நாள்வேலை உச்சவரம்பு, 1922-இல் 11-ஆகவும், 1934-இல் 10-ஆகவும், 1946-இல் 9-ஆகவும் படிப்படியாகக் குறைந்தது.

மேஸ்திரியின் ராஜ்யத்தைப் பெரிதும் தளர்த்தியது 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம். நிரந்தரத் தொழிலாளி யார், பதிலி யார், எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்பனவற்றையெல்லாம் எழுதி, ஆங்கிலத்திலும் தொழிலாளருக்கு விளங்கும் மொழியிலும் வாசலருகே பலகையில் ஒட்டவேண்டும் என்று அது விதித்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்தால் போதும், "எந்த விதிப்படி என்னை நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்க ஆதாரம் கிடைத்துவிட்டது. வேலை நிலைத்தவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். திருப்பரங்குன்றத்துக்கு அருகே மில் தொழிலாளருக்கென எழுந்த குடியிருப்பு, ஹார்விபட்டி என்ற ஊராகவே நிலைபெற்றது.

1974-இல் மதுரை மில் மதுரா கோட்ஸ் ஆயிற்று. இன்று மதுரையை அடுத்த இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் கணினிப் பூங்காக்கள் இருக்கின்றன. அங்கே வருகையை அட்டை பதிவு செய்கிறது, மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆனால் எத்தனையோ தொழில்களில், ஒரே கூரையின்கீழ் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் நிறுவனத்தின் ஆளாகவும், மற்றவர் காண்டிராக்டரின் ஆளாகவும் இருக்கிறார்கள். பின்னவருக்கு அந்தக் காண்டிராக்டரின் தயவு எவ்வளவு தேவைப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பழைய மேஸ்திரியின் அதிகாரம் மறைந்துவிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.